பாட்டை விட்டுக்கொடுக்காதவர்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, திரையிசை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, ‘தி பாடிகார்ட்’ படத்தில் விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை எழுதியவர், கிராமிய மரபில் வளர்ந்த அமெரிக்க இசைவகையான கன்ட்ரியின் பாடகி டாலி பார்ட்டன் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மிகுதி. எனவே இம்முறை இப்பகுதி முழுவதும் அவரைப் பற்றியது. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்தருள்க.

கேள்வி: அந்தப் பாடல் காதலனைப் பிரிகிற ஒரு பெண் பாடுவது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். டாலி பார்ட்டன் அதை யாரை நினைத்து எழுதினார்?

பதில்: தமக்கு வேலை கொடுத்தவரை நினைத்து எழுதினார். போர்ட்டர் வேகனர் என்ற கன்ட்ரி பாடகர் 1960களில் அமெரிக்காவின் பல நகரங்களில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்திவந்தார். அதில் அவருடன் பாடிவந்த நார்மா ஜீன் 1967இல் விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு 21 வயது டாலி வந்தார். பழகிய முகத்தை இழந்த பார்வையாளர்கள் தொடக்கத்தில் மேடையை நோக்கி நார்மா ஜீனின் பெயரையே கூவினார்கள். வேகனர் புதியவரைத் தம்முடன் இணைத்துப் பாடவைத்து, தாம் பாடிவந்த ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்திலேயே அவருக்கும் ஒப்பந்தம் வாங்கித் தந்து, கூட்டத்தைப் படிப்படியாக அவர் பக்கம் திருப்பினார். அந்த நன்றிக்கடன் உண்மையானது; அதுதான் பின்னால் சிக்கலாகவும் ஆனது.

ஐந்து ஆண்டுகள் இருப்பதாகச் சொல்லி வந்த டாலி, ஏழாம் ஆண்டிலும் அங்கேயே இருந்தார். தனியாகப் போக வேண்டும் என்று வாயெடுத்தபோதெல்லாம் வாக்குவாதம் முற்றியது. பேசிப் பயனில்லை என்று கண்டு, ஒருநாள் வீட்டுக்குப் போய், நன்றியும் விடைபெறுதலும் கலந்த ஒரு பாட்டை எழுதி, மறுநாள் வேகனரின் எதிரில் அமர்ந்து பாடிக்காட்டினார். கண்ணீர் விட்ட வேகனர், அந்தப் பாட்டின் பதிவைத் தாம் தயாரிக்க டாலி ஒப்புக்கொண்டால் அவர் போகலாம் என்று சொன்னதாக டாலி பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். 1973இல் பதிவான அந்தப் பாடல் 1974இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டில் டாலி வெளியேறினார்.

கதை அத்துடன் இனிதாக முடிந்துவிடவில்லை. 1979இல் வேகனர், ஒப்பந்தத்தை மீறினார் என்று டாலி மீது வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. ஆண்டுகள் கழிந்து மனத்தாங்கல் தீர்ந்து, 2007இல் வேகனர், கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற வானொலி மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் அரை நூற்றாண்டு நிறைவு கொண்டாடியபோது டாலி அவர் முன்னிலையில் இதே பாட்டைப் பாடினார். அதே ஆண்டு அக்டோபரில் வேகனர் காலமானார். ஆக, உலகமே காதல் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருப்பது ஓர் ஊழியர் முதலாளிக்கு எழுதிய விலகல் கடிதம். அப்படி நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஏமாற்றப்பட்டவளின் கசப்பு அந்தப் பாட்டில் எங்கும் இல்லாததற்குக் காரணம் விளங்கும்.

கேள்வி: இதே பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட முன்வந்தும் டாலி மறுத்துவிட்டார் என்று படித்தேன். அவ்வளவு பெரிய வாய்ப்பை யாராவது மறுப்பார்களா? மறுத்ததால் அவருக்கு என்ன கிடைத்தது?

பதில்: எல்விஸ் பாடுவதை அவர் மறுக்கவில்லை, எல்விஸின் மேலாளர் கேட்ட விலையை மறுத்தார். இந்த வேறுபாடு முக்கியமானது. எல்விஸ் பாடப்போகிறார் என்ற செய்தி வந்தவுடன் டாலி துள்ளிக் குதித்திருக்கிறார், எல்லாரிடமும் சொல்லியும்விட்டார். பதிவு நெருங்கிய நேரத்தில் அந்த மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் தொலைபேசியில் அழைத்து, எல்விஸ் பாடும் பாட்டின் பதிப்புரிமையில் பாதி தங்கள் பக்கம் வர வேண்டும் என்பது தங்கள் வழக்கம் என்றார். டாலி முடியாது என்றார். அன்றிரவு முழுவதும் அழுததாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

இதன் கனம் புரிய வேண்டுமானால் அமெரிக்கப் பாட்டுத் தொழிலின் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று, சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு. மற்றொன்று, யாரோ ஒருவர் பாடி எடுத்த ஒலிப்பதிவு. பதிவு நிறுவனத்துக்கும் பாடகருக்கும் இரண்டாவதில் பங்கு. எழுதியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் முதலாவதில் பங்கு. எத்தனை பேர் மறுபடி பாடினாலும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டின் உடைமையாளருக்குச் சட்டம் வகுத்த தொகையைக் கொடுத்தாக வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பிரதிக்கு 2 சென்ட் என்று நிர்ணயித்தது; 1978 வரை அந்த 2 சென்ட் மாறவே இல்லை. கேட்பதற்குச் சில்லறைக் காசுதான். ஆனால் அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், பாடியவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம் போகும். ஆகவே ஒரு பாட்டு எத்தனை ஆண்டுகள் ஒலிக்கிறதோ அத்தனை ஆண்டுகள் அதை எழுதியவர் வீட்டில் அடுப்பெரியும். பார்க்கர் கேட்டது அதில் பாதியை.

டாலி தம் பாடல்களை வெல்வெட் ஆப்பிள் மியூசிக் என்ற சொந்தப் பதிப்பு நிறுவனத்தில் வைத்திருந்தார். எழுதியவர் பங்கும் பதிப்பாளர் பங்கும் ஒரே கைக்கு வரும் ஏற்பாடு அது. கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் 1970களில் ஒரு பெண் இதில் பிடிவாதமாக இருந்தது அபூர்வம். அவருடைய வாழ்க்கையில் பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ‘முடியாது’தான் அடித்தளம் என்பது என் கணிப்பு.

கிடைத்தது என்ன என்று கேட்டீர்கள். 1982இல் ஒரு படத்துக்காக டாலி அதே பாட்டை மறுபடி பாட, அது மறுபடியும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றது. ஒரே பாட்டை இருமுறை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த முதல் கலைஞர் அவர். பத்து ஆண்டுகள் கழித்து விட்னி ஹூஸ்டனின் பதிவு, எல்லா வகைப் பாடல்களையும் சேர்த்துத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது; அதற்கு முன் எந்தப் பாட்டும் அங்கு அவ்வளவு நாள் நின்றதில்லை. அந்தப் பதிவுக்கு மாதிரியாக இருந்தது 1975இல் லிண்டா ரான்ஸ்டாட் பாடியது. அதில் கடைசிச் சரணம் இல்லை. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர், டாலியைக் கேட்டு அதைச் சேர்த்தார். விட்னியின் குரலை டாலி முதன்முதலில் கேட்டது கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது, வானொலியில். மெட்டு பிடிபட்டதும் எங்கே மோதிவிடுவோமோ என்று பயந்து வண்டியை ஓரங்கட்டினாராம். அந்த வருமானத்தின் ஒரு பகுதியில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு கட்டடத் தொகுதி வாங்கினார். அதை விட்னி கட்டிய வீடு என்றே அவர் குறிப்பிடுவது வழக்கம்.

கேள்வி: அவருடைய பிறப்பும் வளர்ப்பும் மிக வறுமையானவை என்கிறார்கள். புகழ்பெற்றவர்களைப் பற்றிச் சொல்லப்படும் வழக்கமான கதைதானா இது?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, புகழ்பெற்றவர்களின் இளமை வறுமை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு வளரும். டாலி விஷயத்தில் அப்படி வளர்க்கத் தேவை இருக்கவில்லை. டென்னசி மாநிலத்தின் கிழக்கே, ஸ்மோக்கி மலைகளின் அடிவாரத்தில் உள்ள செவியர் கவுன்டியில், 1946 ஜனவரி 19 அன்று, ஓர் அறை மட்டுமே இருந்த மரக்குடிலில் பிறந்தார். 12 பிள்ளைகளில் நான்காமவர். பிரசவம் பார்த்த மருத்துவருக்குத் தந்தை கொடுத்த கட்டணம் ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. தந்தை ராபர்ட் லீ பார்ட்டன் குத்தகைக்கு உழுது, பிறகு சிறிய அளவில் புகையிலை பயிரிட்டவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக்கு முந்திய கேள்வியில் திரும்பி வரும்.

தாய் ஏவி லீ, மலைநாட்டுப் பழம்பாடல்களைப் பாடுபவர். தாய்வழிப் பாட்டனார் பெந்தெகொஸ்தே சபைப் போதகர். ஆகவே பாட்டு வீட்டிலும் கோயிலிலும் ஒருசேர இருந்தது. மாமா பில் ஓவன்ஸ் எட்டு வயதில் ஒரு நல்ல கிட்டாரைக் கையில் கொடுத்தார். பத்து வயதில் நாக்ஸ்வில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடத் தொடங்கி, 13 வயதில் லூசியானாவின் ஒரு சிறு நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டைப் பதிவு செய்து, அதே வயதில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் ஏறினார்.

துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தாய் தைத்துக் கொடுத்த மேலாடையும், அதைப் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ததும் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ பாடலாயின. 1969இல் வேகனரின் பேருந்தில் பயணம் செய்கையில் பாட்டு உதிக்க, எழுதக் காகிதம் இல்லாமல், வேகனரின் மேடை உடைகளைச் சலவை செய்த ரசீதின் பின்புறத்தில் எழுதினார். தம் பாடல்களில் தமக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று அவர் சொல்வதுண்டு. நானும் அதையே சொல்வேன். வறுமையைச் சொல்லும் பாட்டில் இரக்கம் கேட்காமல் இருப்பது மிகக் கடினம். இதில் அந்தச் சிறுமிக்கு அவமானத்தைவிடத் திகைப்பே மேலோங்கி நிற்கிறது. தன் உடையின் அருமை மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்ற திகைப்பு.

கேள்வி: கன்ட்ரிக்கும் பாப்புக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? பணத்துக்காக டாலி கன்ட்ரியைக் கைவிட்டுப் பாப்புக்குப் போனார் என்று அந்நாளில் குற்றம் சாட்டினார்களாமே?

பதில்: இசைக்கருவிகளைக் கொண்டு சொல்வதானால் ஃபிடில், பான்ஜோ, வழுக்கி வழுக்கி அழுகிற ஸ்டீல் கிட்டார் ஆகியவை கன்ட்ரியின் அடையாளங்கள், வயலின் குழுவும் மென்மையான பின்குரல்களும் பாப்பின் அடையாளங்கள். ஆனால் இந்த வேலி என்றுமே உறுதியாக இருந்ததில்லை. 1950களின் இறுதியிலேயே சேட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற நாஷ்வில் தயாரிப்பாளர்கள் ஃபிடிலை எடுத்துவிட்டு வயலின் குழுவை வைத்து, நகரத்து வானொலிகளுக்கு ஏற்ற கன்ட்ரியைச் செய்துவிட்டார்கள். 1974இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருது ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனபோது நாஷ்வில் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டு ஜான் டென்வரின் பெயர் இருந்த தாளை மேடையிலேயே சிகரெட் லைட்டரால் எரித்தார் கன்ட்ரி பாடகர் சார்லி ரிச். அந்த ரிச் பாடியதும் பாதி பாப்தான் என்பது தனி வேடிக்கை.

டாலியைப் பொறுத்தவரை இன்னொரு சுவையான செய்தி உண்டு. 1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்கு வந்தவரை ஒப்பந்தம் செய்த மான்யுமென்ட் நிறுவனம், அவருடைய கீச்சுக் குரல் கன்ட்ரிக்கு ஒத்துவராது என்று பாப் பாடகியாகத்தான் முதலில் முன்னிறுத்தியது. அந்தத் தட்டுகள் எடுபடவில்லை. டாலியும் மாமாவும் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை பில் பிலிப்ஸ் என்ற பாடகர் 1966இல் பாடி வெற்றி பெற்ற பிறகுதான் அவரையும் கன்ட்ரி பாட விட்டார்கள். ஆகவே அவர் பாப்புக்குப் ‘போனார்’ என்பதைவிட, ஒருமுறை தோற்றுத் திரும்பிய வாசலை மறுபடி தட்டினார் என்பதே சரி.

தட்டியது 1977இல், ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ பாடலுடன். எழுதியவர்கள் பாரி மான், சிந்தியா வைல் என்ற பாப் உலகத் தம்பதியர். பியானோவில் தொடங்கும் வழவழப்பான பாட்டு. அதைக் கேட்டு அஞ்சிய டாலி, ஒரு ஸ்டீல் கிட்டாரையாவது சேர்த்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர் கேரி க்ளைனிடம் வற்புறுத்தினார். பாட்டு கன்ட்ரிதானா என்று யாராவது கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு சாட்சி வேண்டுமல்லவா! அந்தச் சாட்சியுடன் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடமும் ஹாட் 100இல் மூன்றாம் இடமும் பெற்றது. அவர் வாழ்நாளில் எழுதிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்க, பாப் வாசலைத் திறந்து கொடுத்தது பிறர் எழுதிய பாட்டு என்பது சற்றே உறுத்தும் உண்மை. 1983இல் கென்னி ராஜர்ஸுடன் பாடி ஹாட் 100இல் முதலிடம் பெற்ற ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’ பாடலும் பீ ஜீஸ் சகோதரர்கள் எழுதியதே. குற்றச்சாட்டுக்கு அவர் சொன்ன பதில், கன்ட்ரியைத் தாம் விட்டுப் போகவில்லை, தம்முடன் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் நினைக்கிறேன் என்பது. சாமர்த்தியமான பதில். அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் பாதியைக் கேட்டால், கூட்டிக்கொண்டு போனதை வழியில் எங்கோ இறக்கிவிட்டுவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதும் உண்டு.

கேள்வி: தட்டச்சு இயந்திர ஓசையை நகத்தால் உண்டாக்கிப் பாட்டு அமைத்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1980இல் வெளிவந்த ‘நைன் டு ஃபைவ்’ அவர் நடித்த முதல் படம். அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்கள் படும் பாட்டைச் சொல்லும் நகைச்சுவைப் படம். ஜேன் ஃபோண்டாவும் லிலி டாம்லினும் உடன் நடித்தார்கள். முகப்புப் பாடலைத் தாமே எழுதுவேன் என்ற நிபந்தனையுடன் ஒப்புக்கொண்ட டாலி, படப்பிடிப்பின் இடைவேளைகளில் தம் நீண்ட செயற்கை நகங்களை ஒன்றோடொன்று உரசித் தாளம் எழுப்பியபடி பாட்டைக் கட்டினார். அந்த நக ஓசை இசைத்தட்டிலும் இருக்கிறது. படப்பிடிப்பு எப்படி நடக்கும் என்று தெரியாமல், எல்லாருடைய வசனங்களையும் சேர்த்து முழுக் கதையையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாராம். பாட்டு 1981இல் கன்ட்ரி, ஹாட் 100 இரண்டிலும் முதலிடம் பெற்று, இரண்டு கிராமி விருதுகளையும் ஓர் ஆஸ்கர் பரிந்துரையையும் கொண்டுவந்தது. இது முழுக்க முழுக்க அவர் எழுதியது.

கேள்வி: அந்தச் செயற்கைக் கூந்தலும் பளபளப்பும் எதற்கு? கணவர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?

பதில்: சிறுவயதில் ஊரில் எல்லாரும் இழிவாகப் பேசிய, அளவுக்கு மீறி அலங்கரித்துக்கொண்ட ஒரு பெண்ணே தம் கண்ணுக்குப் பேரழகியாகத் தெரிந்தாள் என்றும், அவளைப் பார்த்தே தம் தோற்றத்தை அமைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். இவ்வளவு மலிவாகத் தோன்றுவதற்கு எவ்வளவு செலவாகிறது தெரியுமா என்பது அவருடைய பழைய நகைச்சுவை. கேலி செய்ய நினைப்பவருக்கு முன்பே தாம் செய்துவிடுவது அவர் வழி.

கணவர் இருந்தார். 1964இல் நாஷ்வில்லில் கால்வைத்த முதல் நாளே ஒரு சலவையகத்தின் வாசலில் சந்தித்த கார்ல் டீன், சாலைக்குத் தார் போடும் தொழில் செய்தவர். 1966 மே 30 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ரிங்கோல்டில் சந்தடியில்லாமல் திருமணம் நடந்தது. விழாக்களிலும் மேடைகளிலும் அவர் தலைகாட்டியதே அரிது. அதனால்தான் உங்களைப் போலவே பல அமெரிக்கர்களும் ஐயப்பட்டார்கள். 2025 மார்ச்சில், 82ஆம் வயதில் காலமானார்.

கேள்வி: நான் பாட்டு எழுதிப் பழகுகிறவள். ‘ஜொலீன்’ பாடலில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வதுதானே?

பதில்: ஆம், அதுதான் இருக்கிறது, அதை எங்கே வைத்தார் என்பதே கலை. பல்லவியின் தொடக்கத்திலேயே அந்தப் பெயரை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மெட்டைச் சற்று மாற்றி, கெஞ்சும் குரலில் வைத்துவிட்டார். யார் இவள், ஏன் இந்தக் கெஞ்சல் என்று கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்வதற்குள் செய்தி வந்துவிடுகிறது: என் கணவனை எடுத்துக்கொள்ளாதே. மைனர் சுரவரிசையில் ஓயாமல் ஓடும் கிட்டார், தப்பிக்க வழி தெரியாத மனத்தின் ஓட்டம் போலவே இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிடம்.

எழுதிப் பழகுபவர் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. போட்டியாக வந்தவளை இவள் திட்டவே இல்லை. கூந்தல், கண், குரல் என்று அவள் அழகை வரிசையாகப் புகழ்கிறாள். கணவனைப் பற்றி ஏதும் விவரிப்பதில்லை, அவன் தூக்கத்தில் அவள் பெயரைச் சொன்னான் என்ற ஒன்றைத் தவிர. முடிவும் சொல்லப்படவில்லை. ஜொலீன் என்ன விடை சொன்னாள் என்பது பாட்டு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தும் யாருக்கும் தெரியாது. பிறர் மறுபடி மறுபடி பாட வருவதற்கு அந்தத் திறந்த வாசலும் ஒரு காரணம். 2024இல் பியான்சே பாடியபோது கெஞ்சலை எச்சரிக்கையாகவே மாற்றிவிட்டார். அதற்கும் மூலப் பாட்டில் இடம் இருந்தது.

ஜொலீன் என்ற பெயர், மேடையருகே கையெழுத்து வாங்க வந்த ஒரு சிறுமியின் பெயர். கதையின் வித்து, வங்கியில் வேலை பார்த்த செந்நிறக் கூந்தல்காரி ஒருவர் புதுமாப்பிள்ளையான கார்ல் டீனிடம் காட்டிய கூடுதல் அக்கறை. இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் எழுத்தாளர் வேலை. இதுவும் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 1973இல் எழுதப்பட்டவை. ஒரு பொழுதுபோக்குத் தகவலும் சொல்லி வைக்கிறேன்: நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய ‘ஜொலீன்’ இசைத்தட்டை 33 சுற்றில் ஓடவிட்டால், துயரம் தோய்ந்த ஓர் ஆண்குரல் பாடுவது போலவே கேட்கும், சுருதி பிசகாது.

கேள்வி: தோல்வியே காணாதவரா அவர்? புகழ் மட்டுமே எழுதுகிறீர்கள்.

பதில்: கண்டவர்தான். 1980களின் நடுப்பகுதி அவருக்குச் சரிவுக் காலம். 1984இல் சில்வெஸ்டர் ஸ்டாலோனுடன் நடித்த ‘ரைன்ஸ்டோன்’ படம் படுதோல்வி. 1986இல் ஆர்சிஏ நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. 1987இல் பெரும் பொருட்செலவில் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரே பருவத்துடன் நின்றது. அதே ஆண்டு வந்த ‘ரெயின்போ’ என்ற பாப் இசைத்தொகுப்பும் எடுபடவில்லை. அந்த ஆண்டிலேயே எம்மிலூ ஹாரிஸ், லிண்டா ரான்ஸ்டாட் இருவருடனும் சேர்ந்து பாடிய ‘ட்ரையோ’ பெருவெற்றி பெற்றதுதான் வியப்பு. அதில் இருந்தது பழைய மலைநாட்டு இசை. 1990களில் கன்ட்ரி வானொலி இளையவர்களை மட்டுமே நாடத் தொடங்கி, ஐம்பதை நெருங்கியவரை ஓரங்கட்டியபோதும் அவர் அந்தப் பாடத்துக்கே திரும்பினார். 1999இல் ‘தி கிராஸ் இஸ் ப்ளூ’ என்ற, மலைநாட்டு மரபில் வந்த புளூகிராஸ் இசைத் தொகுப்பைச் சிறந்த வாத்தியக்காரர்களைக் கொண்டு பதிவு செய்தார். வானொலி கேட்காத இசை. கிராமி விருது கிடைத்தது. என் காதுக்கு, ஜொலீன் காலத்துக்குப் பிறகு அவர் செய்தவற்றில் இதுவே உயர்ந்தது.

குறையும் சொல்கிறேன். அரசியல் பற்றி வாய் திறப்பதில்லை என்பது அவருடைய நீண்டகால விரதம். எல்லாக் கட்சிக்காரர்களும் தம் ரசிகர்கள் என்பது அவர் வாதம். அதில் பணிவும் உண்டு, வியாபாரக் கணக்கும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரை வேடிக்கைப் போட்டியாகக் காட்டிய, விருந்துடன் காட்சி நடக்கும் அவருடைய அரங்கின் பெயரில், அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களை நினைவூட்டும் ‘டிக்ஸி’ என்ற சொல் 30 ஆண்டுகள் இருந்தது. மனம் புண்படும் என்று உணர்ந்து 2018இல் அதை நீக்கினார். நீக்கியது நன்று, அவ்வளவு காலம் எடுத்தது நன்றன்று.

கேள்வி: குழந்தைகளுக்குப் புத்தகம் அனுப்புகிறாராமே, அது என்ன திட்டம்? கேளிக்கைப் பூங்காவும் நடத்துகிறார் என்கிறார்களே?

பதில்: பூங்காவின் பெயர் டாலிவுட். சொந்த ஊரான செவியர் கவுன்டியின் பிஜன் ஃபோர்ஜில், ஏற்கெனவே வேறு பெயரில் நடந்துகொண்டிருந்த பூங்காவில் பங்குதாரராகச் சேர்ந்து 1986இல் தம் பெயரை வைத்தார். அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது. 1990களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளிகளில் படிப்பை இடையில் நிறுத்துவோர் மிகுதியாக இருந்தபோது, ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக இணைத்து, இருவருமே பள்ளிப் படிப்பை முடித்தால் ஆளுக்கு 500 டாலர் தருவதாக அறிவித்தார். இடைநிற்றல் 35 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது என்பது அவருடைய அறக்கட்டளை தரும் கணக்கு. தனியாகப் பரிசு என்றால் ஒருவன் விட்டுவிடலாம். நண்பனின் பணமும் தன்னால் போகும் என்றால் விட மனம் வராது. மனித மனத்தைப் பாட்டெழுதிப் பழகியவருக்குத் தோன்றக்கூடிய உபாயம்.

புத்தகத் திட்டம் 1995இல் அதே கவுன்டியில் தொடங்கியது. பிறந்தது முதல் ஐந்து வயது வரை, பதிவு செய்த ஒவ்வொரு குழந்தைக்கும், குடும்ப வருமானம் எதுவாக இருந்தாலும், மாதம் ஒரு புத்தகம் குழந்தையின் பெயரிட்டு அஞ்சலில் வரும். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் பரவிய இத்திட்டத்தின் பத்துக் கோடியாவது புத்தகம் 2018இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அளிக்கப்பட்டது. 2020இல் கொரோனா ஆய்வுக்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்ததும், அந்தப் பணத்தின் ஒரு பகுதி மாடர்னா தடுப்பூசி ஆய்வுக்கு உதவியதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய மனத்துக்கு நெருக்கமானது புத்தகத் திட்டமே. எழுதப் படிக்கத் தெரியாத தந்தைக்காகவே அதைத் தொடங்கினார். பிள்ளைகள் மகளைப் ‘புத்தகக்காரம்மா’ என்று அழைப்பதைக் கேட்டு, 2000இல் இறக்கும் வரை தந்தை பெருமைப்பட்டார். செவியர்வில் நீதிமன்றத்தின் முன்னால் 1987 முதல் டாலியின் சிலை ஒன்று நிற்கிறது. தந்தை இரவில் வண்டியில் ஒரு வாளி சோப்பு நீரை எடுத்துச் சென்று, சிலைமேல் படிந்த பறவை எச்சத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாராம்.

கேள்வி: இதுவரை அவர் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’ முதலில், பிறகு ‘ஜொலீன்’. அடுத்து ‘ஹியர் யூ கம் அகெய்ன்’. அதில் அந்தச் சாட்சி ஸ்டீல் கிட்டார் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். அதன்பின் ‘தி கிராஸ் இஸ் ப்ளூ’ முழுத் தொகுப்பையும் ஒரே அமர்வில் கேட்கலாம். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விட்னி பாடியதையல்ல, 1974இல் வந்த பதிவை. விட்னி உச்சத்துக்கு ஏற்றிப் பாடும் அந்தக் கடைசிச் சரணத்தை டாலி பாடவே இல்லை; எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல மெல்லப் பேசுகிறார்.